விதியும் விதிகளும்

ஆயுத பூசை நாளன்று அல்லிநகரத்துத் தெருக்களிலே நடந்து பாருங்கள். பொட்டில்லாத வண்டியைக் காண்பது அரிது. சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று! நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சை; ஏறி நசுக்கிவிட்டால் வரவிருக்கும் கேடெல்லாம் நசுங்கிப்போகுமாம். போதாக்குறைக்கு நடுச்சாலையிலே பூசணிக்காயும் உடைபடுகிறது. கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, பின்னே இருசக்கர வண்டியிலே வருபவன் வழுக்கி விழ வகை செய்தாகிவிட்டது. விபத்தைத் தடுக்க ஒரு விபத்து!

எள்ளி நகையாடிவிட்டு நாம் போய்விடலாம். பகுத்தறிவாளர்க்கு எலுமிச்சை எளிய இலக்கு. ஆனால் சட்டைப் பையிலே அரசு முத்திரையோடு இருக்கிறதே ஓட்டுநர் உரிமம், அது எலுமிச்சையைவிட எந்த வகையிலே உயர்ந்தது என்று கேட்டால், நம்மிலே பலர் தலையைச் சொறிய நேரிடும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 15ஆவது விதியைப் படித்தோம், படித்து வியந்தோம். கண்ணாடியைச் சரிசெய்வது முதல் பின்னோக்கி ஓட்டுவது வரை, தேர்வுக்கு வருபவர் செய்து காட்டவேண்டியவை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இறக்கத்திலே செல்லும்போது விரைந்து கீழ்க் கியருக்கு மாற்றவேண்டும் என்கிறது விதி. செங்குத்தான ஏற்றத்திலே நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் மீண்டும் வண்டியைக் கிளப்பவேண்டும் என்கிறது. மலையடிவாரத்து மக்களாகிய நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது!

இனித் திடலுக்கு வாருங்கள். தேர்வு நடக்கும் இடங்களின் ஓரத்திலே, வேலைவெட்டி இல்லாதவர்போல் நின்று நாம் பார்த்ததுண்டு. ஊரைச் சொல்லத் தேவையில்லை. படிப்பவர் தத்தம் ஊர் என்றே எண்ணிக்கொள்வர். பலகைபோல் சமமான தரை. இருசக்கர வண்டிக்காரர் எட்டுப் போடுகிறார். கால் ஊன்றாமல் ஒரு சுற்று, தீர்ந்தது. காருக்கு வந்தவரோ பயிற்சிப் பள்ளியின் வண்டியிலே ஏறுகிறார். முன்னே சிறிது தொலைவு, பின்னே சிறிது தொலைவு. இறங்கினார், கையொப்பம் இட்டார், வென்றார்! ஏற்றம் எங்கே? இறக்கம் எங்கே? இரவிலே எதிரே வரும் லாரியின் கண்கூசும் ஒளி எங்கே? பொருள் புரியாத மந்திரத்தைக் கேட்டுக்கொண்டு மணவறையைச் சுற்றிவரும் சடங்குதான் நம் நினைவுக்கு வந்தது. அங்கே புரோகிதர், இங்கே தரகர். தட்சணை இருவர்க்கும் உண்டு.

மிகைபடப் பேசுகிறோம் என்பார்க்கு ஒரு சான்று தருவோம். டில்லியிலே உரிமம் நாடிய 822 பேரைப் பொருளியல் அறிஞர் நால்வர் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் தமிழரான செந்தில் முல்லைநாதன். 2007இலே வெளிவந்த அந்த ஆய்வின்படி, உரிமம் பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் தேர்வுக்கே செல்லவில்லை. ஆய்வாளர்கள் தாமே தனித்தேர்வு வைத்துப் பார்த்தபோது, உரிமம் பெற்றவருள் நூற்றுக்கு 62 பேர் ஓட்டத் தகுதியற்றவர்! தரகரை நாடாது நேர்வழியிலே சென்றவரோ, நன்றாக ஓட்டுபவர், ஓட்டத் தெரியாதவர் என்ற வேறுபாடின்றித் தோற்கடிக்கப்பட்டனர். ஆதலால், தேர்வைக் கடுமையாக்குக என்று மட்டும் நாம் முழங்கினால், உயர்வது தரகரின் கட்டணமாகவே இருக்கும்.

நம் பள்ளத்தாக்கிலே இது ஏட்டுச் சிக்கலன்று. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எவ்வழியிலே கேரளம் சென்றாலும் மலை ஏறியாகவேண்டும். விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்புகின்றன, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களை நோக்கி. உள்ளே நம் தாய்மார், நம் தங்கையர். தூக்குவாளியை மடியிலே இடுக்கி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, அளவுக்கு மேல் அடைபட்டுச் செல்கின்றனர். மாலையிலே அதே வளைவுகளிலே இறக்கம். ஓயாமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ்க் கியரிலே இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலிலே விட்டால் அந்தப் பிடியும் போகும். குறுகிய மலைச்சாலையிலே, ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும். நான்கே வரியில் அடங்கும் அறிவு! அதைத் தேர்விலே கேளாது விட்டால் எவர் தலையிலே விடிகிறது? நாட்கூலிக்குச் சென்றவள் தலையிலே.

2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதியினரின் வண்டி, குமுளி மலைச்சாலையிலே, முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் பெருங்குழாயின் அருகே பள்ளத்திலே வீழ்ந்தது. எட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் நம் மக்கள்; துயரவேளையிலே அவர்தம் பக்தியை அளந்து பார்ப்பது நம் வேலையன்று. ஆனால் இத்தகைய ஒவ்வொரு சாவின் பின்னும் எழும் ஒரு பேச்சை நாம் மறுத்தே தீரவேண்டும்: "விதி முடிந்தது, போய்விட்டார்கள்."

விதி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள். தலையிலே எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவது ஒன்று. அரசிதழிலே அச்சிடப்படுவது மற்றொன்று. முன்னதை எவரும் படித்ததில்லை, எல்லோரும் நம்புகின்றனர். பின்னதை எவரும் படிக்கலாம், பொருட்படுத்துவார் இல்லை. 2022இலே இந்திய நாட்டுச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர்; தமிழ்நாட்டிலே மட்டும் 17,884 பேர். அத்தனை தலையிலும் ஒரே எழுத்தையா எழுதினான் அந்தப் பிரமன்?

பிரிட்டனிலே 1934இல் 7,343 பேர் சாலையிலே மாண்டனர். தலையெழுத்தென்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1935 ஜூன் முதல் ஓட்டுநர் தேர்வைக் கட்டாயமாக்கினர். இன்று வண்டிகள் பன்மடங்கு பெருகியும் அங்கே ஆண்டுக்குச் சாவது ஏறத்தாழ 1,600 பேர். சாலையமைப்பும் இருக்கை வாரும் மருத்துவமும் சேர்ந்து தந்த பயன் அது. தேர்வுக்கும் அதிலே பங்குண்டு. அங்கே கார் ஓட்ட விரும்புபவர், வினாத்தாளிலே 50க்கு 43 பெறவேண்டும். சாலையிலே வரப்போகும் இடரை முன்கூட்டி உணர்கிறாரா என்று, ஓடும் படத்தைக் காட்டி 2002 முதல் சோதிக்கின்றனர். இங்கோ பழகுநர் உரிமத்துக்கு நூற்றுக்கு 60 போதும். சிவப்பு விளக்கின் பொருளைத் தவறாகச் சொன்னவரும் தேறிவிடலாம்!

2021இலே வந்த புதிய விதியொன்று, அரசு ஏற்புப் பெற்ற பயிற்சி நிலையத்திலே 29 மணிநேரம் பயின்றவர்க்கு அரசின் ஓட்டுத் தேர்விலிருந்து விலக்களிக்கிறது. பயிற்சி நன்று. ஆனால் கட்டணம் பெறுபவரே தேர்ச்சியும் வழங்குவது எவ்வகை அறம்?

கடுமை வேண்டும் என்றதும், படிப்பைக் காட்டி ஏழையை விலக்கக் கிளம்புவோரும் உளர். போக்குவரத்து வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும் என்ற விதி 2019இலே நீக்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். எட்டாம் வகுப்பை எட்டாமல் நின்றவர் எந்தச் சேரிப் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியாதா? கையையும் கண்ணையும் சோதியுங்கள். பள்ளிச் சான்றிதழை அன்று. உரிமம் என்னும் கருவியை நேர்மையோடு எடுத்தாண்டவர் நம்மிடையே இருந்ததுண்டு. 1929 செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டின் தலைவர், பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த காலத்திலே, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமத்தைப் பறிப்போம் என்று ஆணையிட்டார்.

தோழர்களே! 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். சென்ற ஆண்டிலே தேர்வுக்கு வந்தவர் எத்தனை பேர்? தோற்றவர் எத்தனை பேர்? 15ஆவது விதி சொல்லும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எந்த மேட்டிலே வைத்துச் சோதித்தீர்கள்?