சரளைப் பாதையில் ஒரு ஸியாரத்

வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கு முந்திக்கொண்டு ஸலாம் உரைக்க வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுக்கம். இருபத்தெட்டு ஆண்டுகளாக மதரஸாவில் இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். உயரத்தில் இருப்பவனுக்குப் பெருமை வந்துவிடும், அந்தப் பெருமையை முறிக்கவே முதல் ஸலாம் அவன் மீது சுமத்தப்பட்டது என்று மாணவர்களுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் எனக்கே விளங்கியது சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் வோக்கிங் நகரத்துக்கு அருகே, ஒரு சைக்கிளின் மீது அமர்ந்திருந்தபோதுதான்.

என் மூத்த மகன் அங்கே பொறியாளனாக இருக்கிறான். ஏழாண்டு ஆலிம் படிப்பில் அவனைச் சேர்த்திருந்தேன். நான்காம் ஆண்டில், "என்னால் முடியவில்லை வாப்பா" என்று சொல்லி வெளியேறினான். பின்னர் பொறியியல் படித்து வேலையும் தேடிக்கொண்டான். அவன் விமானம் ஏறிய அன்று நான் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அதன்பின் ஐந்தாண்டுகள் எங்களுக்குள் பேச்செல்லாம் அவன் உம்மா வழியாகவே நடந்தது. "உங்கள் கோபத்துக்கு ஒரு தவணை வேண்டாமா?" என்று கேட்டு என்னைப் பயணத்துக்கு இசைய வைத்தவளும் அவளே.

போய்ச் சேர்ந்து பத்து நாட்கள், "சாப்பிட்டீர்களா?", "தொழுதாயா?" என்ற அளவிலேயே கழிந்தன. பதினோராம் நாள் அவன், "சைக்கிள் மிதிப்பீர்களா வாப்பா?" என்று கேட்டான். தேரி மணலில் சைக்கிளை மிதித்தது பாதி, தோளில் சுமந்தது பாதியென இளமையைக் கழித்தவன் நான். சரி என்றேன்.

அவன் கொணர்ந்தது சரளைக் கற்பாதைக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள். கைப்பிடி பந்தயச் சைக்கிளைப் போல வளைந்திருந்தது. டயரோ அதைவிடப் பருத்து, நாற்பது மில்லிமீட்டர் அகலம் இருந்தது. புறப்படுமுன் அவன் இரு சக்கரங்களிலிருந்தும் காற்றைச் சிறிது இறக்கினான். நம் ஊரில் சக்கரம் கல்லைப் போல் இறுகும்வரை காற்றடிப்பதுதானே வழக்கம்? ஏன் என்று கேட்டேன். "இறுகிய சக்கரம் கல்லின் மீது துள்ளும், மணலில் புதையும். கொஞ்சம் இளகினால்தான் பாதையைப் பற்றிக்கொண்டு போகும்" என்றான்.

ஷாஜஹான் பள்ளிவாசலிலிருந்து புறப்பட்டோம். பள்ளிவாசலாகவே திட்டமிட்டுப் பிரிட்டனில் கட்டப்பட்ட முதல் பள்ளி அது. ஹங்கேரியில் பிறந்த கீழைமொழி அறிஞர் லைட்னர், போபால் பேகம் ஷாஜஹான் அளித்த பொருளைக் கொண்டு 1889-இல் எழுப்பியது. பச்சைக் குவிமாடத்தை விட்டு வடக்கே கால்வாயைக் கடந்தால் ஹார்செல் பொதுநிலம் தொடங்கிவிடுகிறது.

அதனைக் காடு என்பதா, பொட்டல் என்பதா? ஆங்கிலேயர் ஹீத் என்பர். விளைச்சலுக்கு உதவாத மணல் மண். வெண்கலக் காலத்து மக்கள் மரங்களை வெட்டி ஆடுமாடு மேய்த்ததால் உருவான புதர்நிலம். மனிதன் கைவிட்டால் பைனும் பிர்ச்சும் முளைத்து மீண்டும் காடாகிவிடுமாம். முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்னும் குற்றுச்செடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. இடையிடையே முட்புதர்களில் மஞ்சள் மலர்கள். ஏற்ற இறக்கம் அதிகமில்லை. என் போன்ற ஐம்பது கடந்தவனின் முழங்காலுக்கும் இரக்கம் காட்டும் நிலம் அது. தரையிலேயே கூடு கட்டும் பறவைகள் அங்கே உண்டு. ஆதலால் பாதையை விட்டு விலகக் கூடாது என்று மகன் எச்சரித்தான்.

நாங்கள் சென்றது குதிரைகளுக்கென ஏற்பட்ட பாதை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சைக்கிளுக்கும் அதில் இடம் தந்தது. ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட்டாக வேண்டும் என்பது நிபந்தனை. எதிரே யாரைக் கண்டாலும் என் மகன் வேகத்தைத் தணித்து, ஒதுங்கி நின்று, முதலில் முகமன் கூறினான். சட்டத்துக்காகச் செய்கிறான் என்றெண்ணி, "நல்ல சட்டம்" என்றேன். "இது நீங்கள் சொல்லித் தந்தது வாப்பா. இரண்டாம் ஆண்டுப் பாடம்" என்றான். எனக்கு மறுமொழி வரவில்லை.

அந்நிலத்தின் ஓரத்தில், செங்கல் மதிலும் குவிமாட வாயிலும் கொண்ட சிறு மையவாடி ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் காயமுற்று இங்கிலாந்து மருத்துவமனைகளில் உயிர்நீத்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக அமைக்கப்பட்டு, 1917-இல் கட்டி முடிக்கப்பட்டது. சேதப்படுத்துவோரின் தொல்லையால் 1968-இல் அந்தக் கப்ருகள் புரூக்வுட் இராணுவ மையவாடிக்கு மாற்றப்பட்டன. இடம் வெறுமையாகிச் சிதைந்து, 2015-இல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே அடக்கப்பட்டிருந்த 27 பேருக்காக 27 இமயமலை பிர்ச் மரங்கள் நிற்கின்றன. பெற்றோரைப் பிரிந்து வந்து, மண்ணுக்குள்ளும் ஒருமுறை பயணம் செய்தவர்கள் அவர்கள்!

சற்றுத் தொலைவில் ஒரு மணற்குழி. எச்.ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளர் 1895-இல் வோக்கிங்கில் குடியேறி, சைக்கிள் பழகி, இப்பகுதியெங்கும் சுற்றினார். செவ்வாய்க் கிரகத்தார் இம்மணற்குழியில் வந்திறங்குவதாக அவர் எழுதிய நாவல் 1898-இல் நூலாயிற்று. அதில் நம் பள்ளிவாசலின் உச்சியும் தகர்ந்துபோகிறது. கதையில் தகர்ந்த பள்ளியில் அன்று காலை நான் ஃபஜ்ரு தொழுதிருந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

பின்னர் பேசிங்ஸ்டோக் கால்வாயின் கரையைப் பிடித்தோம். 1794-இல் முற்றுப்பெற்ற கால்வாய் அது. படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதையே இன்று சைக்கிள் பாதை. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகளைக் கடந்து மேற்கே சென்றால் புரூக்வுட். 1854-இல் திறக்கப்பட்ட அப்பெரும் மையவாடிக்கு லண்டனிலிருந்து ஜனாஸாக்களைச் சுமந்து வரத் தனி ரயிலே 1941 வரை ஓடிற்று. புறப்பட்ட இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எனக்கோ நெடுந்தூரம் வந்தாற்போலிருந்தது.

அங்கே முஸ்லிம்களுக்குரிய பகுதியில் குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த இருவர் துயில்கின்றனர். ஒருவர் மர்மடியூக் பிக்தால். ஹைதராபாத்தில் பணியாற்றியவர். 1930-இல் தம் தர்ஜுமாவை வெளியிட்டு, 1936-இல் மறைந்தவர். மற்றவர் பம்பாயில் பிறந்த அப்துல்லாஹ் யூசுஃப் அலீ. அவரது தர்ஜுமாவும் விரிவுரையும் 1934 முதல் லாகூரில் வெளிவந்தன. என் மேசையில் என்றும் இருக்கும் நூல் அது.

அவருடைய முடிவு நெஞ்சை உருக்குவது. 1953-ஆம் ஆண்டு டிசம்பர்க் குளிரில், முதுமையில் நினைவு தடுமாறி, கவனிப்பாரற்று லண்டன் தெருவில் கிடந்தவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். விரைவில் மறைந்தார். முதல் மனைவியின் மக்களோடு அவருக்கு நெடுங்காலமாகவே உறவு முறிந்திருந்தது. யார் மீது குறை என்று தீர்ப்புக் கூற நாம் யார்? உலகெங்கும் எத்தனையோ இல்லங்களில் அவர் எழுத்து பேசிக்கொண்டிருந்தது. அவர் பெற்ற பிள்ளைகளோடு மட்டும் பேச்சு இல்லை.

ஃபாத்திஹா ஓதியபின் இதை மகனிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் குரல் கம்மியது. அவனோ மெதுவாக, "தெரியும் வாப்பா. மாதம் ஒருமுறை இங்கே வருகிறேன். மதரஸாவை விட்டபோது அரபி இலக்கணம் எனக்கு எட்டவில்லை. இவருடைய தர்ஜுமாவைக் கொண்டுதான் ஓதியதன் பொருளை விளங்கிக்கொள்கிறேன். உங்களிடம் கேட்கத்தான் ஆசை. கேட்டால் கோபிப்பீர்கள் என்று கேட்கவில்லை" என்றான்.

நான் கற்றுக் கொடுத்ததை அவன் விட்டுவிட்டான் என்று ஐந்தாண்டு வருந்தியிருந்தேன். அவன் அதை விடவில்லை. என்னிடம் கேட்பதைத்தான் விட்டிருந்தான். அதற்குக் காரணம் நானே. "எந்த ஆயத்தில் ஐயம்?" என்று கேட்டேன். அவனை நோக்கி ஐந்தாண்டில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று சொல்ல வேண்டும். புல்தரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசினோம்.

திரும்பும்போது பாதை அதுவே, சரளையும் அதுவே. முன்னே சென்ற மகன் திருப்பம்தோறும் நின்று காத்திருந்தான். ரஹ்மானின் அடியார்கள் பூமியில் மென்மையாக நடப்பார்கள் என்று திருமறை கூறுமிடத்தில் 'ஹவ்ன்' என்றொரு சொல் வருகிறது. பணிவு, அமைதி, மென்மை என்று அதற்குப் பல பொருள் எழுதியிருக்கிறேன். காற்று சிறிது இறங்கிய சக்கரம் கற்களின் மீது ஓசையின்றி உருண்டபோது, என் வீட்டில் நான் எவ்வளவு இறுகியிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

இப்போது வியாழன் இரவுதோறும் தொலைபேசியில் நாங்கள் இருவரும் ஓதுகிறோம். ஸூரத்துல் கஹ்ஃபில் இருக்கிறோம். அழைப்பு வரட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. முதல் ஸலாம் என்னுடையது.

புரூக்வுட் மண்ணில் துயிலும் அந்த அறிஞர்களுக்கும், பெயர் மட்டும் கல்லில் எஞ்சிய அவ்வீரர்களுக்கும் அல்லாஹ் மறுமையில் உயர்ந்த இடம் தருவானாக! பேசாதிருக்கும் தந்தையர்க்கும் மக்களுக்கும் நாவைத் திறந்து வைப்பானாக! ஆமீன்.