மனத்தில் ஒன்று

சென்ற மாதம் ஒரு மாலை, லேக் மார்க்கெட்டை அடுத்த நம் இல்லத்தில், பொறியியற் கல்லூரியில் பயிலும் மகள் கண் கலங்கி அமர்ந்திருந்தாள். மறுநாள் செய்முறைத் தேர்வு. நூறை மூன்றால் பெருக்கினால் 44 என்று விடை வருகிறதாம்!

“மூன்றாம் வகுப்புக் கணக்கு அப்பா! இதுகூட எனக்கு வரவில்லையே” என்றாள்.

அவள் பயில்வது, 1976ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட 8085 என்னும் நுண்செயலியின் அசெம்பிளி மொழி. அதற்குக் கூட்டவும் கழிக்கவும் கட்டளைகள் உண்டு. பெருக்கவும் வகுக்கவும் தனிக் கட்டளை கிடையாது. பெருக்க வேண்டுமெனில் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். வகுக்க வேண்டுமெனில் திரும்பத் திரும்பக் கழித்து, எத்தனை முறை என்று எண்ண வேண்டும்.

இந்நகரின் பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், 1955இல் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2எம் என்னும் கணிப்பொறி வந்தது. பாரத நாட்டின் முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே. அதனை இயக்கிய அறிஞர்களும் இவ்வாறே ஒவ்வோர் அடியாகக் கட்டளை எழுதினர். இதனைச் சொல்லி மகளைத் தேற்றி, கணக்கைப் படிப்படியாக எழுதிப் பார்த்தோம்.

கூட்டுகின்ற கலம் 255 வரையே கொள்ளும். 100, 200 வரை பிழையில்லை. 300 ஆனதும் 256 வழிந்துபோய் 44 எஞ்சுகிறது. வழிந்ததை இயந்திரம் மறைக்கவில்லை. ‘கேரி’ என்னும் கொடியில் 1 என்று குறிக்கிறது. உடனே பாராவிட்டால், அடுத்த கூட்டலில் அக்குறிப்பும் அழிந்துபோகும்.

நமக்குப் பழைய நினைவு வந்தது. டல்ஹௌசிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் பேரேடு எழுதச் சேர்ந்த புதிதில், ‘மனத்தில் ஒன்று’ என்பதை மறந்து நூறு ரூபாய் குறைத்து எழுதிவிட்டோம். வேலை போய்விடும், ஊருக்கு மணியார்டர் நின்றுவிடும் என்று நடுங்கினோம். வங்காளிப் பெரியவரான தலைமைக் கணக்கரோ கடிந்துகொள்ளவில்லை. இரவு எட்டு மணிவரை உடனிருந்து, பிழை நின்ற வரியில் விரல் வைத்து, “ஹாதே ரொய்லோ ஏக்” என்றார். கையில் மிஞ்சியது ஒன்று என்பது பொருள். நாம் மனத்தில் வைப்பதை அவர்கள் கையில் வைக்கிறார்கள்.

மகள் கொடியைப் பார்க்கும் கட்டளையைச் சேர்த்தாள். ஒரு கலத்தில் 1, மறு கலத்தில் 44, ஆக 300. சிரித்தாள். அப்பெரியவர் செய்த உதவியை நாமும் ஒருவருக்குச் செய்த நிறைவோடு அன்றிரவு உறங்கினோம்.