அட்டவணை மட்டும் தரமாட்டேன்

திங்கள்

முதல் மணி அடிக்கும் முன்னாலேயே என் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு கைமாறிவிட்டது. "ஒரே ஒரு பீரியட் தாடி, லஞ்சுக்குள்ள குடுத்துடறேன்" என்று பக்கத்து பெஞ்சுக்காரி வாங்கினாள். மதியம் தேடினால், ஜன்னலோரத்தில் வேறொருத்தி மடியில், தமிழ்ப் புத்தகத்துக்கு அடியில் விரிந்து கிடக்கிறது. திரும்பி வந்தபோது அட்டை கிழிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை. கேட்டால், "உனக்கென்ன, நீதான் எழுதி முடிச்சுட்டியே" என்கிறாள்.

செவ்வாய்

எல்லாவற்றையும் காப்பி என்று சொல்லவும் மனசு வரவில்லை. நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை எல்லாம் வகுப்புக்கே ஒன்றுதான். நானே புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். லேபுக்கு வராதவர்களிடம் சாரே, "யார்கிட்டயாவது வாங்கி எழுதிக்கோ" என்கிறார். ஆனால் இடது பக்கம் பென்சிலில் போடுகிற அட்டவணை வேறு சங்கதி. சோடியம் விளக்கு சிவந்து, மெல்ல மஞ்சளாகும்வரை காத்திருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிளவின் பிம்பம் குறுக்குக் கம்பியில் வந்து நிற்கும்வரை ஸ்பெக்ட்ரோமீட்டரின் திருகைத் திருகித் திருகி எடுத்த அளவுகள் அவை. அதில் கை வைத்தால்தான் எனக்கு எரிகிறது.

புதன்

ரெக்கார்டு திருத்தும்போது சார் நாலு நோட்டை மேசையில் வரிசையாக விரித்தார். நாலிலும் ஒளிவிலகல் எண் 1.506. "இது தப்பில்ல. ஒரே முப்பட்டகம், கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரணும்" என்றார். பிறகு விரல் அட்டவணைக்கு நகர்ந்தது. நாலிலும் 214 டிகிரி. "நாலு பேரும் மேடையை ஒரே இடத்துலயா திருப்பி வெச்சீங்க?"

அங்கேதான் மாட்டினார்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் ஒத்துப்போகும். அளவுகள் ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும். ஒருத்தி அதற்கும் மேலே போய், என் 17-ஐ 47 என்று படித்து எழுதியிருந்தாள். வெர்னியரில் இருப்பதே 30 பிரிவு. 47-வது கோட்டை எங்கே கண்டாளோ! வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், நாலாவது நோட்டு என்னுடையது என்று உறைக்கும்வரை.

நாலு பேரும் மறுபடி அளவெடுத்து எழுத வேண்டுமாம். "எது அசல்னு நான் எங்க போய்த் தேடறது?" என்கிறார் சார். ஒவ்வொருத்தியாகக் கருவி முன்னால் நிறுத்திக் கேட்டிருந்தால் ரெண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வியாழன்

"குடுக்காதே, முடிஞ்சுது" என்கிறாள் அம்மா. அம்மாவுக்கென்ன, தினமும் அவர்களோடு ஒரே பஸ்ஸில் வருவது நானல்லவா? தராவிட்டால் 'ஸீன் போடறா' என்ற பேர்தான் மிஞ்சும். நூறில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20-க்கு எக்ஸ்டர்னல் வருகிற அன்று, கருவியோடு தனியாகத்தான் நிற்க வேண்டும். இதைச் சொன்னால் டீச்சர் மாதிரி பேசுகிறேன் என்பார்கள், சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது இவ்வளவுதான் சொன்னேன்: "வலது பக்கம் எதை வேணும்னாலும் பார்த்து எழுதிக்கோ. அட்டவணை மட்டும் தரமாட்டேன். நாளைக்கு லேபுக்கு வா, சேர்ந்து எடுப்போம்."

"ரொம்ப ஓவராப் பண்ணாதடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

வெள்ளி

முகத்தைத் தூக்கிக்கொண்டே வந்தாள், ஆனால் வந்தாள். ஜன்னலோரத்துக்காரியும் வந்தாள். தொலைநோக்கியைப் பக்கத்து பெஞ்சுக்காரியிடம் விட்டுவிட்டு மேடையை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். பிம்பம் ஒரு பக்கமாகவே நகர்ந்து, நின்று, வந்த வழியே போகத் தொடங்கியதும், "ஏய், திரும்புதுடி!" என்று கத்தினாள். அந்தத் திருப்பம்தான் சிறும திசைமாற்றக் கோணம். அவளுக்கு 38 டிகிரி 5 நிமிடம் வந்தது. எனக்குப் போன வாரம் வந்தது 37 டிகிரி 40. கணக்குப் போட்டால் 1.51.

"உன்னுது மாதிரியே மாத்திடவா?" என்றாள்.

"அடி வாங்குவே."

47-காரி மட்டும் வரவில்லை. பக்கத்து செக்‌ஷனில் யாரிடமோ நோட்டு வாங்கிவிட்டாளாம். அங்கே 131 டிகிரியாம். அந்த செக்‌ஷனுக்கும் இதே சார்தான்.