அலகு சொல்லும் செய்தி

உறவினர் ஒருவர் வெளியூர் சென்றபோது ஆஸ்திரேலியக் குறுங்கிளி ஒன்றை எங்களிடம் ஒப்புவித்தார். அதன் அலகு வறண்டு, செதில் செதிலாய் உரிந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவும்படி கூறாத விருந்தாளி இல்லை! மிருக வைத்தியரோ அலகைக் காட்டிலும் தீனிக் கிண்ணத்தையே உற்று நோக்கினார்.

அலகு நம் நகத்தைப் போன்றது, ஓயாது வளரும், சிறிது உரிவதும் இயல்பே. ஆயினும் தினையை மட்டுமே தின்னும் பட்சிக்கு 'ஏ' வைட்டமின் குன்றி அலகு வறளும். தேன்கூடுபோல் துளைகள் தோன்றினாலோ அது செள்ளுப் பூச்சியின் வேலை. அதற்கு மருந்து வேண்டும்.

எங்கள் கிளிக்கு முருங்கைக் கீரையும் காரட் துருவலும் அளித்தோம். அலகைத் தீட்டிக்கொள்ள நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கிக் கூண்டில் கட்டினோம். எண்ணெய் தொடாமலே அலகு தேறி வருகிறது. தானே இரை தேடும் ஜீவனைக் கூண்டில் வைத்தவர்கள் அதற்குத் தக்க உணவைத் தேடித் தருவது கருணையன்று, கடமை.