இரவல் பலம்

தேகபலம் என்னும் விஷயத்தில் நமக்கும் பிரம்மதேவனுக்கும் ஆதியிலிருந்தே ஒரு தகராறு உண்டு. பள்ளிக்கூட நாட்களில், மைதானத்துக்கு வெளியே வந்து விழுந்த பந்தைப் பொறுக்கிக் கொடுத்ததுதான் நமது விளையாட்டு அனுபவம். அப்படிப்பட்ட நாம் ஒரு ரக்பி வீரரைப் பற்றி எழுதத் துணிந்தது கண்டு நேயர்கள் நகைத்தால், நமக்கு அதில் வருத்தமில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நமது தமையனாருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரியில் அவருடைய ரத்தத்தை யந்திரம் சுத்தி செய்கிறது. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அந்தப் பொழுதைக் கழிக்க, பழைய பந்தயங்களைக் கைபேசியில் பார்ப்பது அவர் வழக்கம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நாமும் எட்டிப் பார்ப்போம். அப்படித்தான் நியூஜிலாந்து வீரர் ஜோனா லோமு நமக்கு அறிமுகமானார்.

ரக்பி, அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டம். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஓடுகிறவனை எதிரிகள் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால், அதற்கு 'ட்ரை' என்று பெயர்.

1995-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உலகக் கோப்பையின் அரை இறுதிப் பந்தயம். எதிரே இங்கிலாந்து. டோங்கா தீவுகளிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு ஆக்லாந்தில் பிறந்த லோமுவுக்கு அப்போது வயது 20. ஆறடி ஐந்தங்குல உயரம். எடை ஏறக்குறைய 120 கிலோ. ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களுக்குள் பந்து அவர் கைக்கு வந்தது. இருவரைத் தாண்டினார். கால் சற்றுத் தடுமாறிற்று. கடைசிக் காவலாக மைக் கேட் என்ற வீரர் நின்றார். லோமு சுற்றிப் போகவில்லை. அந்த மனிதர் மேலேயே ஏறிப் போய்ப் பந்தை ஊன்றினார்! அன்று அவர் ஒருவரே நாலு ட்ரை. நியூஜிலாந்து 45-29 என்ற கணக்கில் ஜெயித்தது.

"இவருக்கும் என் வியாதிதான்" என்றார் அண்ணா.

நாம் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே லோமுவுக்குக் கடுமையான சிறுநீரக நோய் இருப்பதை வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். மலைபோன்ற அந்த உடம்பு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் 2002 வரையில் தேசத்துக்காக 63 பந்தயங்கள் ஆடி 37 ட்ரை எடுத்தார். 1995, 1999 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளில் மட்டும் 15 ட்ரை.

2003-ல் அவரும் யந்திரத்தின் பக்கத்தில் படுக்க வேண்டியதாயிற்று. கால் நரம்புகள் கெட்டு, நடையே தள்ளாடிற்று. 2004-ல் வெல்லிங்டன் நகர வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரியாமா தம் சிறுநீரகங்களில் ஒன்றைத் தானம் செய்தார். மறு வருஷமே லோமு வேல்ஸ் தேசத்துக் கார்டிப் அணியில் சேர்ந்து மீண்டும் ஆடினார். 2011-ல் தானமாக வந்த சிறுநீரகமும் கைவிட்டது. மறுபடியும் யந்திரம். 2015 நவம்பர் 18-ந் தேதி, தமது நாற்பதாவது வயதில், ஆக்லாந்தில் காலமானார்.

இங்கே நமது வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். அண்ணாவின் ரத்தமும் நமது ரத்தமும் ஒரே வகை. "நீங்கள் கொடுக்கலாமா என்று பரீட்சை செய்து பார்க்கலாமே" என்று வைத்தியர் கேட்டு இரண்டு மாதமாயிற்று. "யோசித்துச் சொல்கிறோம்" என்றோம். யோசனை முடிந்தபாடில்லை. கத்தி என்றாலே நமக்குக் காய்ச்சல் வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணா ஒரு நாளும் நம்மைக் கேட்டதில்லை. அன்று கைபேசியை அணைத்துவிட்டு, "கொடுத்த சிறுநீரகம் ஏழு வருஷந்தான் உழைத்தது, தம்பி. நீ அதையும் யோசித்துக்கொள்" என்றார். நம்மைப் பயத்திலிருந்து விடுவிப்பதற்காகவே சொன்னார் என்பது நமக்குத் தெரியாதா?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏழு வருஷந்தான்! அந்த ஏழு வருஷத்துக்குள் ஒரு மனிதர் நிமிர்ந்து நடந்தார். மறுபடியும் மைதானத்தில் இறங்கினார். 2009-ல் ஒரு மகனும் 2010-ல் ஒரு மகனும் பிறந்தார்கள். அந்தக் குழந்தைகள் தகப்பனாரின் தோளில் ஏறி விளையாடிய நாட்களெல்லாம், முன்பின் உறவில்லாத ஒருவர் ஈந்த கொடையால் விளைந்தவை அல்லவா? அதைப் போய் 'தான்' என்று சுருக்கலாமா?

மறுநாள் காலையில் நாமே வைத்தியரிடம் போய்ப் பெயரைப் பதிந்துகொண்டோம். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

பிரம்மதேவனோடு நமக்குள்ள தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால், அவன் நமக்கு அருளிய இந்த நோஞ்சான் தேகத்தில், அண்ணாவுக்கு உதவக்கூடிய சரக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று வைத்தியர்கள் இப்போது பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்க வேண்டும் என்பதே நமது பிரார்த்தனை.