நாலு காலில் நடக்கும் ஆலிவ் மரம்!

ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கே, போர்ச்சுகல் எல்லையை ஒட்டியிருக்கிறது எக்ஸ்ட்ரமதுரா. கோடையில் வெயில் பொசுக்கும். மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். மண்ணோ சத்தில்லாதது. பயிர் வைத்துப் பிழைப்பது சிரமம் என்பதால், காட்டை முழுதாக அழிக்காமல் மரங்களைக் கலைத்துவிட்டு, மேய்ச்சல் தோப்பாக மாற்றினார்கள் முன்னோர்கள். அதற்குப் பெயர் ‘தெயேசா’. மேலே ஓக் மரங்கள், கீழே புல், நடுவில் மாடு, செம்மறி, கறுப்புப் பன்றி.

அக்டோபர் பிறந்தால் ஓக் காய்கள் உதிரத் தொடங்கும். கிண்ணம் கவிழ்த்ததுபோல் தொப்பி போட்ட, நீளமான கொட்டைகள். அப்போது ஐபீரியப் பன்றிகளைத் தோப்பில் இறக்கிவிடுகிறார்கள். மார்ச் வரை நீளும் இந்தப் பருவத்துக்கு ‘மொந்தனேரா’ என்று பெயர். பன்றி சும்மா விழுங்குவதில்லை. துவர்ப்பான தோலைப் பல்லால் உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பை மட்டும் தின்கிறது. அடுத்த மரத்தைத் தேடி நடக்கிறது. இடையில் புல்லையும் மேய்கிறது.

இந்த மேய்ச்சலுக்குச் சட்டமே இருக்கிறது. 2014-ம் ஆண்டின் அரசாணைப்படி, ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 1.25 பன்றிதான். அதாவது, ஒரு பன்றிக்குக் கிட்டத்தட்ட 2 ஏக்கர். 60 நாள்களுக்கு மேல் மேய்ந்து, குறைந்தது 46 கிலோ எடை கூடியிருக்க வேண்டும். ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய 10 கிலோ காய் தேவை. கணக்குப் போட்டால், ஒரு பன்றிக்கு 460 கிலோ காய்!

கொழுப்புக்குக் காவல்

அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பன்றியை ‘நாலு கால் ஆலிவ் மரம்’ என்கிறார்கள். காரணம், ஆலிவ் எண்ணெயில் நிறைந்திருக்கும் ஒலீயிக் அமிலம் ஓக் காயிலும் இருக்கிறது. அது அப்படியே பன்றியின் கொழுப்பில் படிகிறது.

ஆனால், கொழுப்பு காற்றுபட்டால் கெடும். திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை அடிப்பதுபோலத்தான். இங்கே பின்னங்கால் தொடையை உப்பில் புதைத்து எடுத்து, மூன்று ஆண்டுகள் வரைகூடத் தொங்கவிடுகிறார்கள். அத்தனை காலம் அதன் ருசி காப்பதில் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓக் காயில் காமா டோகோஃபெரால், பச்சைப்புல்லில் ஆல்ஃபா டோகோஃபெரால். இரண்டுமே வைட்டமின் ஈ வகைகள். தசையில் அதிகம் தங்கிக் கொழுப்பைக் காப்பது ஆல்ஃபாதான். ஓக் காயில் குறைவாக உள்ள புரதத்தையும் புல் ஈடுகட்டுகிறது. ஆகவே, மரம் மட்டும் இருந்தால் போதாது, தரையில் புல்லும் இருக்க வேண்டும்.

இதே வழியில் கொட்டகைப் பன்றிகளுக்கு ஒலீயிக் அமிலம் மிகுந்த எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் கலந்த தீவனம் கொடுக்கிறார்கள். கறியின் தரம் கூடுகிறது. ஆனால், கொழுப்பை மட்டும் சோதித்து ‘இது காய் தின்ற பன்றி’ என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது. அதனால் இன்று தோப்புக்கே வந்து மந்தையைப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள். காய் தின்ற கலப்பில்லாத ஐபீரியப் பன்றித் தொடைக்குக் கறுப்புப் பட்டை, காய் தின்ற கலப்பினத்துக்குச் சிவப்பு, வயல்வெளியில் தீவனத்தோடு வளர்ந்ததற்குப் பச்சை, கொட்டகையில் வளர்ந்ததற்கு வெள்ளை.

ஸ்பெயினின் தென்கிழக்கே மூர்சியாவில் வேறொரு முயற்சி நடந்தது. தைம், ரோஸ்மேரி இலைகளில் எண்ணெய் வடித்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தாய்ச் செம்மறிகளின் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்த ஆடுகள் ஈன்ற குட்டிகளின் கறியில் கொழுப்பு கெடுவது குறைந்தது. குப்பைக்குப் போக வேண்டிய சக்கைக்கும் ஒரு மதிப்பு கிடைத்தது.

காயும் மரங்கள்

தெயேசாவை இப்போது அரிப்பது ‘லா சேக்கா’ எனப்படும் வாடல். ஃபைட்டோப்தோரா என்னும் கிருமி வேரை அழுகவைக்கிறது. மழையில் தேங்கும் நீரும், பிறகு வரும் வறட்சியும் மரத்தை மேலும் பலவீனப்படுத்துகின்றன. பட்ட மரத்தைப் பிழைக்க வைக்க மருந்தில்லை. கிருமியுள்ள மண் சக்கரத்திலும் குளம்பிலும் ஒட்டி அடுத்த தோப்புக்குப் போய்விடுகிறது. புதிதாக முளைக்கும் கன்றுகளையோ ஆடும் மாடும் கடித்துவிடுகின்றன.

மரம் குறைந்தால் காய் குறையும். காய் குறைந்தால் அந்தத் தோப்பில் விடக்கூடிய பன்றியின் எண்ணிக்கையும் குறையும். கறுப்புப் பட்டைக்குக் கிடைக்கும் விலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது நேரடி நஷ்டம். தீவன மூட்டையை வாங்கிவிடலாம், 460 கிலோ காயைக் கடையில் வாங்கிக் கறுப்புப் பட்டை கட்ட முடியாது.

அதனால் ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு கட்டுகிறார்கள். அது நிறையக் காய்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நடுபவர்களில் பலர் அந்தக் காயைத் தின்ற பன்றியைப் பார்க்கப் போவதில்லை. இன்று அவர்கள் மந்தையை வளர்ப்பது தாத்தா காலத்து மரங்கள்தான்.