நாணுக்குப் பூசிய மெழுகு

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் காவல் இருந்தவர்கள் கையில் வில் இருந்தது என்றால், சென்னையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் நம்புவதில்லை. அம்பு எய்யும் வில் அல்ல, உண்டிவில். மூங்கிலைச் சீவி வளைத்து, இரண்டு நாண் கட்டி, அவை ஒட்டிக்கொள்ளாமல் இடையில் சிறு குச்சி கொடுத்து, நடுவில் துணித்தொட்டில் தைத்திருக்கும். ஏரிக் களிமண்ணை உருட்டிக் காயவைத்த உண்டையைத் தொட்டிலில் வைத்து இழுத்து விடவேண்டும். விடும்போது வில் பிடித்த கையைச் சற்றே திருப்பாவிட்டால் உண்டை நம் கட்டைவிரலையே பதம் பார்க்கும். ஆடியில் விதைத்ததும் பருப்பைக் கிளற வரும் காக்காய்களுக்கும், ஐப்பசியில் காய் முற்றும்போது வரும் அணிலுக்கும் இதுதான் காவல். பக்கத்தில் விழுந்து மண் தெறித்தால் போதும், பறந்துவிடும், ஓடிவிடும். கொல்வதற்காக என் தாத்தா அதைத் தொட்டதில்லை.

எனக்கு ஏக்கம் வில் மேல் இல்லை. அந்த நாணுக்குப் பூசிய மெழுகின் மேல்.

நாணுக்கு மருள்நார். வாள்போல விறைத்து நிற்கும் அந்தச் செடி எங்கள் பக்கத்துக் கரட்டிலும் வேலியோரத்திலும் தானாக வளரும். மடலை அறுத்து, கல்லில் தட்டி, சதையை வழித்து அலசினால் வெள்ளை வெளேரென்று நார் வரும். தொடையில் வைத்து உருட்டி முறுக்குவார் தாத்தா. பட்டுபோல மின்னும். ஆனால் அப்படியே கட்டினால் ஐப்பசி மழைக்குத் தாங்காது. ஈரம் ஏறி நார் உப்பும், முறுக்குக் குலையும், பூஞ்சணம் பிடிக்கும். இழைகள் ஒன்றோடொன்று உரசி உள்ளுக்குள்ளேயே அறுந்துகொண்டிருக்கும். வெளியே தெரியாது, ஒருநாள் பட்டென்று போகும். மெழுகு ஏற்றினால்தான் இழைகள் ஒரே நாணாகக் கூடிப்போகும்.

தேனடை ஜவ்வாது மலையிலிருந்து வரும். தேன் கொண்டுவரும் மலைக்காரரிடம் தாத்தா, “தேன் இருக்கட்டும்பா, அடையக் குடு” என்பார். அவருக்கு அது கழிவு. எங்களுக்கு அதுதான் சரக்கு. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறேழு கிலோ தேனைத் தின்ன வேண்டியிருக்கும் என்று பிற்பாடு படித்தபோது, அந்தச் சக்கையைத் தாத்தா ஏன் அத்தனை மரியாதையாக வாங்கினார் என்று தோன்றியது. பிழிந்த அடையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, சூட்டோடு பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சட்டியை இரவு முழுக்க அசைக்காமல் வைப்பார். காலையில் தண்ணீர் மேல் மஞ்சள் வில்லையாக மெழுகு கட்டியிருக்கும். அடியில் ஒட்டிய கசடைக் கத்தியால் சுரண்டி எடுப்பது என் வேலை.

வெறும் மெழுகு வழுக்கும், நாணில் நிற்காது. அதற்குத்தான் குங்கிலியம். அதைப் பொடித்து, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்த சிறு கிண்ணத்தில் உருகிய மெழுகோடு சேர்ப்பார். தேன்மெழுகு அறுபத்து நான்கு டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்; நேரடி நெருப்பில் வைத்தால் கருகும், பற்றியும் கொள்ளும். கடைசியில் துளி மல்லாட்டை எண்ணெய். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் உருப்பிடிக்கும் மெழுகும் இதே மூன்றும் சேர்ந்ததுதான். அங்கே அது தெய்வ உருவமாகிறது, இங்கே காக்காய் விரட்டியது. இரண்டையும் ஒரே வரியில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அளவு என்று எதுவும் எழுதி வைக்கவில்லை. பனிக்காலத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடும், இல்லையென்றால் மெழுகு வெடித்துப் பொரிந்து உதிரும். சித்திரை வெயிலில் குங்கிலியம் கூடும், இல்லையென்றால் பிசுபிசுவென்று மண்ணை வாரிக்கொள்ளும். “ஊத்துடா கண்ணு... போதும், போதும்” என்பார். அந்த ‘போதும்’ எங்கே வருகிறது என்று அவர் கைக்குத் தெரியும். ஒரு சொட்டு எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டி, நூல்போல இழுத்துப் பார்ப்பார்.

பூசுவதும் அவசரமாகாது. மெழுகுக் கட்டியை நாணில் மேலும் கீழும் தேய்த்து, தோல்துண்டை மடித்துப் பிடித்து வேகமாக உருவவேண்டும். உருவுகிற சூட்டில் மெழுகு இளகி இழைக்குள் இறங்கும். தோல் சுட ஆரம்பிக்கும்போது அந்த மணம் எழும். தேனும் கோயில் புகையும் மல்லாட்டை வறுத்த வாசமும் ஒன்றாகக் கலந்த மணம். முடித்துவிட்டு நாணைச் சுண்டுவார். சத்தம் மந்தமாக இருந்தால் இன்னொரு தரம்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாணின் நினைப்புத்தான். தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்து 1972-ல் வந்த ‘செங்கம் நடுகற்கள்’ நூல்தான் அவற்றை ஊரறியச் செய்தது. பல்லவர் காலத்து வீரர்கள். இடக்கையில் வில், வலக்கையில் வாள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவன் பெயரைக் கல் சொல்கிறது. எடுத்தனூரில் கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரைக்கூடச் சொல்கிறது. ஆனால் அந்த வீரனின் வில்லுக்கு நாண் முறுக்கியவர், மெழுகு காய்ச்சியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நாரும் மெழுகும் கல்லைப்போல நிற்பவை அல்ல. ஆனால் அவை இல்லாமல் அந்த வில் வெறும் குச்சிதானே?

உண்டிவில் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நைலான் கயிறு வந்தது, மழைக்கு அஞ்சாது. ரப்பர் வந்தது. செஞ்சி சாலையோரம் கொல்லைகள் மனைகளாயின. தாத்தா போனபின் வில் பரணிலேயே கிடந்து செல்லரித்தது.

என் மகள் இப்போது வில்வித்தை வகுப்புக்குப் போகிறாள். அவள் வில்லுக்குச் செயற்கை இழை நாண். அதற்கும் மெழுகு உண்டு, உதட்டுச்சாயம்போலத் திருகினால் மேலே வருகிறது. தோல்துண்டால் உருவிச் சூடேற்றச் சொல்லித்தான் அங்கேயும் கற்றுத் தருகிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வேலை அதேதான். மணம் மட்டும் துளியும் இல்லை.

மருள் இன்னும் எங்கள் ஊர்க் கரட்டில் நிற்கிறது. குங்கிலியம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். ஜவ்வாது மலைத் தேன் கடைகளில் புட்டிகளில் வருகிறது, அடைக்குத்தான் மலைக்கே போகவேண்டும். வரும் ஐப்பசிக்குள் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கி வரவேண்டும். பக்குவம் தெரிந்த பெரியவர் யாராவது எங்கள் பக்கம் இன்னும் இருந்தால், அவர் எதிரில் உட்கார்ந்து எண்ணெய் ஊற்ற நாங்கள் இரண்டுபேர் இருக்கிறோம்.